உடையார்குடிக் கல்வெட்டும் ஓர் அட்டிகையும்

காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' படித்த நம் வயதுக்காரர்களுக்கு அதைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்கும். ஏலாக்குறிச்சிக்கு வருகிறவர்கள் மாதா கோயிலைப் பார்த்து, வீரமாமுனிவரைப் பற்றி நாலு வார்த்தை கேட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் அரை நாள் கையில் இருந்தால் ஜெயங்கொண்டம் போய், கங்கைகொண்டசோழபுரம் தாண்டி, மீன்சுருட்டி வழியாக உடையார்குடிக்கும் ஒரு நடை போய் வரலாம்.

ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்பதற்காகத்தான் எல்லாரும் அந்தக் கல்வெட்டைத் தேடுகிறார்கள். கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவன் நான். அதனாலோ என்னவோ, எனக்கு அதில் வேறொன்று கண்ணில் பட்டது. அது கொலை வழக்கின் தீர்ப்பு அல்ல. சொத்துப் பறிமுதல் உத்தரவு.

இராசகேசரி வர்மனின் இரண்டாம் ஆட்சியாண்டு என்று அதில் இருக்கிறது. அந்த இராசகேசரி முதலாம் இராசராசன்தான் என்பது வரலாற்று ஆசிரியர்களின் முடிவு. அப்படியானால் 986, 987 வாக்கில். நீலகண்ட சாஸ்திரியார் இதை 'எபிகிராபியா இண்டிகா'வில் பதிப்பித்து விளக்கம் எழுதினார். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துப் பெருங்குறி மகாசபைக்கு மன்னர் அனுப்பிய ஓலை அது. கரிகாலனைக் கொன்று துரோகிகளான சோமன், ரவிதாசன் என்கிற பஞ்சவன் பிரம்மாதிராஜன், பரமேசுவரன் என்கிற இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் என்று பெயர்கள் வருகின்றன. அதற்குப் பிறகு வருகிற பட்டியல்தான் விஷயம். இவர்களின் உடன்பிறந்தவர்கள், மக்கள், மனைவிமார், பெரியப்பன்மார், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், இவர்களுடைய சகோதரிகளைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள். அத்தனை பேர் உடைமையும் சேர்ந்து போகிறது. சபை இதைச் சரியாகச் செய்கிறதா என்று மேற்பார்வை பார்க்க இரண்டு பேரையும் மன்னர் பெயர் சொல்லி அனுப்புகிறார்.

அப்படிப் பிடித்த நிலத்தில் ஒரு பகுதி விலைக்குப் போனது. ஏறத்தாழ இரண்டே முக்கால் வேலி நிலமும் ஆறு மனையும் 112 கழஞ்சு பொன்னுக்கு. வாங்கியவர் அதைக் கோயிலில் பிராமணர்களுக்கு உணவிடும் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். அதனால்தான் கோயில் சுவரில் இந்தச் சங்கதி ஏறியது. தர்மம் நடந்திராவிட்டால் பறிமுதல் உத்தரவு நமக்குத் தெரியவே வந்திருக்காது! போன நிலம் மலையனூரான் என்கிற உடன்பிறந்தானின் குடும்பத்தாருடையது. அதில் ஒரு பெண்ணின் பெயரும் இருக்கிறது.

இராசராசன் அநியாயம் செய்தான் என்று நான் சொல்ல வரவில்லை. பட்டத்து இளவரசனைக் கொன்றவர்கள், அதுவும் பிரம்மாதிராஜன் என்று பட்டம் வாங்கிய பெரிய உத்தியோகஸ்தர்கள். விசாரணை நடந்ததா, யார் சாட்சி சொன்னார்கள் என்பதெல்லாம் நிலம் விற்ற கல்வெட்டில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மகளைக் கட்டிய மருமகன் தன் நிலத்தைத் தன் பாட்டனிடமிருந்து பெற்றானா, மாமனாரிடமிருந்து பெற்றானா என்று யாரும் பிரித்துப் பார்த்ததாக அதில் இல்லை. உறவு என்றால் போயிற்று.

அதே சோழ நாட்டுக் காலத்து மனிதர்களுக்கு நிரூபணம் என்றால் என்ன என்று தெரியாமலும் இல்லை. பெரியபுராணத்தில் சுந்தரர் கல்யாணத்தில் ஒரு கிழவர் வந்து, "இவன் எனக்கு அடிமை" என்று வழக்குப் பேசுகிறார் அல்லவா? திருவெண்ணெய்நல்லூர் சபை என்ன செய்தது? சுந்தரரைப் பார்த்து, "நீ அடிமை இல்லை என்று காட்டு" என்று கேட்கவில்லை. வழக்குக் கொண்டுவந்த கிழவரைத்தான் கேட்டது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்றால் நிறுவச் சொன்னது. அதாவது அனுபவ பாத்தியம், பத்திரம், சாட்சி. கிழவர் மூல ஓலையை எடுத்துக் கொடுத்ததும், பாட்டனாரின் வேறு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நான் பார்த்த வரையில் நம் கோர்ட்டுகளில் நடப்பதும் இதேதான், ஸ்டாம்பு பேப்பர் மட்டும் கூடுதல். சேக்கிழார் இதை எழுதியது அந்தக் கல்வெட்டுக்கு நூற்றைம்பது வருஷம் போல் பின்னால். அவரே சோழ அரசில் உயர்ந்த உத்தியோகம் பார்த்தவர் என்பது மரபு. நடைமுறை தெரிந்துதான் எழுதியிருப்பார்.

யார் வழக்குச் சொல்கிறாரோ அவரே நிரூபிக்க வேண்டும் என்பதை 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் 101ஆம் பிரிவில் வைத்தது. இப்போது புதுச் சட்டத்தில் அது 104. குற்ற வழக்கு என்றால் அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அதன் பலன் எதிரிக்கு. இதெல்லாம் நம் எல்லாருக்கும் தெரிந்த பாடம். சொத்து என்று வரும்போதுதான் சிக்கல்.

இங்கிலாந்தில் பெருங்குற்றம் செய்தவன் சொத்து ராஜாவுக்குப் போய், பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நிற்பது வழக்கமாக இருந்தது. 1870இல் அதை ஒழித்தார்கள். நம் நாட்டில் 1860 தண்டனைச் சட்டத்தில் 61, 62 என்று இரண்டு பிரிவுகள், சொத்து முழுவதையும் பறிமுதல் செய்ய வழி வைத்திருந்தன. 1921இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். இதற்கெல்லாம் முன்பு 1799இல் பாஞ்சாலங்குறிச்சியைக் கம்பெனிக்காரன் எந்தச் சாட்சியச் சட்டத்தின்படி எடுத்துக்கொண்டான் என்று கேட்கக் கூடாது.

அப்புறம் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. பட்டாளத்துக்குச் சப்ளை செய்கிறேன் என்று கொள்ளையடித்தவர்கள் பெருத்துவிட்டார்கள். 1944இல் ஓர் அவசரச் சட்டம் போட்டார்கள். வழக்கு முடிவதற்கு முன்பே, மோசடிப் பணத்தில் வாங்கியது என்று நம்பக் காரணம் இருந்தால், மாவட்ட நீதிபதி மூலம் சொத்தை ஜப்தி செய்து வைக்கலாம். தண்டனை ஆனால் அந்த அளவுக்குப் பறிமுதல். விடுதலை ஆனால் ஜப்தி விலகும். சாதாரணமாக அவசரச் சட்டம் என்றால் ஆறு மாசத்துச் சரக்கு. யுத்த காலத்தில் அந்த ஆறு மாசக் கெடுவை நிறுத்தி வைத்திருந்ததால் இது நிரந்தரமாகத் தங்கிவிட்டது. வெள்ளைக்காரன் போனான், அவன் போட்ட அவசரம் போகவில்லை.

இதுவரைக்கும் நிரூபிக்கும் சுமை அரசாங்கத்தின் தலையில்தான் இருந்தது. அது இடம் மாறியது 1976இல். கடத்தல்காரர்கள், அந்நியச் செலாவணி மோசடிக்காரர்களின் சொத்தைப் பறிமுதல் செய்யும் சட்டம். நெருக்கடி நிலைக் காலம். நம் கடற்கரைகளில் துணியும் கைக்கடிகாரமும் தங்கமும் இறங்கிய கதைகள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது: நோட்டீசில் கண்ட சொத்து முறைகேடாகச் சேர்த்தது அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு சொத்துக்காரரையே சேரும். அதோடு, உறவினர்களையும் கூட்டாளிகளையும் சேர்த்தது. மனைவி, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அவர்களைக் கட்டியவர்கள் என்று போகும் அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு உடையார்குடிதான் ஞாபகம் வந்தது. ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழித்து அதே மாமன் மச்சான் வரிசை!

1994இல் அம்ரித்லால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து இதைப் பரிசீலித்தார்கள். சட்டம் செல்லும் என்றார்கள். ஆனால் ஒரு கோடு போட்டார்கள். உறவினர் என்பதற்காக அவருடைய சொந்தச் சொத்தைப் பிடுங்குவது நோக்கம் அல்ல. குற்றவாளியின் சொத்து யார் பெயரில் ஒளிந்திருந்தாலும் அதைத் துரத்திப் பிடிப்பதுதான் நோக்கம். தன்னுடையது என்று உறவினர் காட்டிவிட்டால் விட்டுவிட வேண்டும். மகாசபைக்கு வந்த ஓலையில் இல்லாதது இந்த ஒரு வரிதான்.

சரி, அந்தத் தொடர்பை முதலில் யார் சொல்ல வேண்டும்? இந்தச் சொத்து அவன் பணத்தில் வந்தது என்று நோட்டீசிலேயே அதிகாரி காரணம் காட்ட வேண்டுமா, அல்லது உறவினரே முதலில் கணக்குச் சொல்ல வேண்டுமா? இதில் பின்னால் வந்த தீர்ப்புகள் இரண்டு பக்கமும் போயிருக்கின்றன. அதிகாரிதான் முதலில் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்குக் காரணம் சட்டப் புத்தகம் அல்ல, ஓர் அட்டிகை.

நான் வேலை பார்த்த ஒரு கோர்ட்டில் நடந்தது. பையன் ஒருவன் மேல் வீடு புகுந்து திருடிய வழக்கு. அவன் வீட்டைச் சோதனை போட்டபோது பரணில் இருந்த தகரப் பெட்டியில் கிடைத்த நகைகளை எல்லாம் ஒரே மகஜரில் எழுதி எடுத்து வந்துவிட்டார்கள். அதில் அவன் அம்மாவின் அட்டிகையும் இருந்தது. விதவை. அதைத் திருப்பிக் கேட்டு மனுப் போட்டார். எதிர்த்தரப்பில் வக்கீல் எழுந்து, "பில் இருக்கிறதா?" என்றார். அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நம்மில் யார் வீட்டில் நாற்பது வருஷத்து நகைக்குப் பில் இருக்கிறது? ஆசாரியிடம் பழைய தங்கத்தைக் கொடுத்து, அவர் திண்ணையில் உட்கார்ந்து செய்து கொடுத்ததை வாங்கி வருவோம். கூலியைக் கூட நெல்லாகக் கொடுத்தவர்கள் உண்டு.

அடுத்த வாய்தாவுக்கு அந்த அம்மா ஒரு கல்யாண போட்டோ கொண்டு வந்தார். ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், ஓரம் செல்லரித்துப் போனது. கழுத்தில் அந்த அட்டிகை. மாஜிஸ்திரேட் பூதக்கண்ணாடி கேட்டார். என் மேசை டிராயரில் ஒன்று இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். பதக்கத்தில் மாங்காய் சற்று இடதுபக்கம் சாய்ந்திருந்தது, படத்திலும் அப்படியே. பிறகு அந்த ஆசாரியையும் கூட்டி வந்தார்கள். கண் சரியாகத் தெரியாத வயது. நகையை விரலால் தடவிப் பார்த்து, "என் கைதான்" என்றார். ஊரார் இரண்டு பேர், நல்லது கெட்டதுக்கு அந்த அம்மா அதைப் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறோம் என்றார்கள். ஆட்சி, ஆவணம், காட்சி மூன்றும் வந்து சேர்ந்துவிட்டன. முதலில் ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள், வழக்கு முடிந்த பிறகு அவருக்கே உறுதியானது. மகனுக்குத் தண்டனை ஆயிற்று.

போட்டோ எடுக்க வசதி இல்லாத கல்யாணமாக இருந்திருந்தால்? ஆசாரி முந்தின வருஷம் செத்துப் போயிருந்தால்? இல்லாததை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்காக, சுமையை மாற்றவே கூடாது என்று சொல்பவன் அல்ல நான். சம்பளம் வாங்கும் அரசு ஊழியன் தன் சம்பளத்துக்கு மேல் பத்து மடங்கு சொத்து வைத்திருந்தால் அதற்குக் கணக்கு அவனுக்குத்தான் தெரியும். லஞ்சம் வாங்கியதற்கு யார் ரசீது கொடுக்கிறார்கள்? இதற்காகத்தான் 1988ஆம் வருஷத்து ஊழல் தடுப்புச் சட்டத்தில் வருமானத்துக்கு மீறிய சொத்து என்பதையே ஒரு குற்றமாக வைத்தார்கள். இதில் சுமை இரண்டாகப் பிரிகிறது. அவர் பொது ஊழியர், இன்னின்ன சொத்து அவருடையது, தெரிந்த வருமானம் இவ்வளவு, இரண்டுக்கும் இடையில் இவ்வளவு இடைவெளி என்று அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எதிரி திருப்திகரமாகக் கணக்குச் சொல்ல வேண்டும். அவர் சந்தேகமறச் சொல்ல வேண்டியதில்லை, நம்பத்தக்கதாக இருந்தால் போதும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஜெயலலிதா அவர்களின் சொத்துக் குவிப்பு வழக்கை விட விரிவாகக் காட்ட வேறு வழக்கு இல்லை. கட்சி பேசுவதற்காகச் சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள். 1991 ஜூலை முதல் 1996 ஏப்ரல் வரை 66.65 கோடி ரூபாய் அதிகம் என்பது குற்றச்சாட்டு. 2003இல் வழக்கு பெங்களூருக்கு மாறியது. 2014 செப்டம்பர் 27 அன்று தனி நீதிபதி மைக்கேல் டி'குன்ஹா, அதிகச் சொத்து 53.60 கோடி என்று கண்டு, நான்கு வருஷத் தண்டனையும் 100 கோடி அபராதமும் விதித்தார். 'நமது எம்.ஜி.ஆர்.' பத்திரிகைக்குச் சந்தாதாரர்கள் கட்டிய டெபாசிட் என்று சொன்ன வருமானத்தை அவர் ஏற்கவில்லை. ஐதராபாத் திராட்சைத் தோட்டத்தில் எவ்வளவு விளைந்தது என்பது வரை வாதம் போயிற்று. விவசாய வருமானத்துக்குக் கணக்கு எழுதி வைக்காத நம் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கங்களைப் படித்தால் கொஞ்சம் கலங்கித்தான் போவார்கள். 1995 கல்யாணச் செலவை அரசுத் தரப்பு 6.45 கோடி என்றது, டி'குன்ஹா 3 கோடி என்றார், கர்நாடக உயர் நீதிமன்றம் 28 லட்சத்து 68 ஆயிரம் என்றது!

2015 மே 11 அன்று உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. வருமானம் 34.76 கோடி, சொத்து 37.59 கோடி, அதிகம் 2.82 கோடி, அதாவது 8.12 சதவீதம்தான் என்றது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் மன்னிக்கலாம் என்று ஒரு பழைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. ஆனால் கடன்களைக் கூட்டியதில் பிசகு. 10.67 கோடி வர வேண்டிய இடத்தில் 24.17 கோடி என்று எழுதிவிட்டார்கள். பதிமூன்றரைக் கோடி வித்தியாசம். சரியாகக் கூட்டினால் 76 சதவீதத்துக்கு மேல் போகிறது. பெஞ்ச் கிளார்க்காக இருந்தவனுக்கு இதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசையும். ஒரு கூட்டல், பத்து சதவீதக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதையே மாற்றிவிட்டது.

2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் டி'குன்ஹா தீர்ப்பை மீட்டது. அதற்குள் 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா காலமாகிவிட்டார். அதனால் அவர் மட்டில் அப்பீல் அற்றுப் போயிற்று. மற்ற மூவருக்கும் தண்டனை, கம்பெனிகள் பெயரில் வாங்கிய நிலங்கள் பறிமுதல். பிறகு அவருடைய அண்ணன் பிள்ளைகள் வந்து, இறந்தவர் குற்றவாளி என்று முடிவாகவில்லையே, நகைகளை வாரிசுகளுக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுத்துவிட்டது. அப்பீல் அற்றுப் போனதால் விடுதலை ஆகிவிடாது, பறிமுதல் உத்தரவு நிற்கிறது என்பது காரணம். பிப்ரவரியில் 27 கிலோ தங்க நகைகளும், 1,526 ஏக்கர் நிலத்துக்கான பத்திரங்களும் பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டு அரசின் கைக்கு வந்தன. இந்த வழக்கில் சுமை சரியான வரிசையில்தான் போனது என்று நினைக்கிறேன். முதலில் அரசு பேசியது, ஆயிரக்கணக்கான பக்கங்களில். அதற்குப் பிறகுதான் எதிரிகள் பதில் சொல்ல வேண்டி வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆனது வேறு விஷயம்.

வெளிநாடுகளிலும் காற்று இந்தப் பக்கமாகத்தான் வீசுகிறது. இத்தாலியில் மாபியாக்காரர்களை ஒடுக்க 1982இல் சொத்தைக் குறிவைத்துச் சட்டம் வந்தது, அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பியோ லா டோரேயை அந்த வருஷமே சுட்டுக் கொன்றார்கள். இலங்கையில் 2025இல்தான் இதற்கென்று சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவிலும் சுமை எதிரி பக்கம். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது, ஆனால் அடிப்படை உண்மைகளை முதலில் அமலாக்கத் துறை நிறுவ வேண்டும் என்ற நிபந்தனையோடு. அடுத்த மாதமே, மறுஆய்வு மனுவில், இந்தச் சுமை விஷயத்தையும் மீண்டும் பார்க்க வேண்டும் என்று நோட்டீஸ் விட்டது.

நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது இந்தப் பெரிய சட்டங்களை அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. இதற்குச் சொத்து கோடிக்கணக்கில் இருக்க வேண்டியதில்லை. ஆள் கடத்தல்காரனாகவோ மந்திரியாகவோ இருக்க வேண்டியதில்லை. எந்தக் குற்ற விசாரணையிலும், குற்றத்தால் கிடைத்த சொத்து என்று போலீஸ் அதிகாரி நம்பினால், மேலதிகாரியின் ஒப்புதலோடு கோர்ட்டில் மனுப் போடலாம். கோர்ட் நோட்டீஸ் அனுப்பும். சொத்து வேறொருவர் பெயரில் இருந்தால் அவருக்கும் ஒரு நகல் போகும். வராவிட்டால் ஒருதலையாக உத்தரவு. குற்றத்தின் வருமானம்தான் என்று முடிவானால், பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்படி கலெக்டருக்கு உத்தரவு, அதற்கு 60 நாள். ஏமாந்தவனுக்குப் பணம் திரும்பி வருவது நல்லதுதான். நிதி நிறுவனங்களில் சேமிப்பைத் தொலைத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

பதில் சொல்வதற்குக் கொடுத்திருக்கும் கெடு 14 நாள். அட்டிகை அம்மாவுக்குப் போட்டோ தேடி எடுக்கவே அதற்கு மேல் ஆயிற்று.